எலாஸ்டிக் கட்டிய பை

"நீங்க என்ன வேலைதான் பாக்கறீங்க? யாரைக் கேட்டாலும் மெஷின், மெஷின்ங்கறாங்க. தைக்கிற மெஷினா, துவைக்கிற மெஷினா?"

"மூச்சு விடற மெஷின்."

"மெஷின் எதுக்குங்க மூச்சு விடணும்?"

"அதுக்காக விடாது. விட முடியாதவங்களுக்காக விடும். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய் அதைச் சரி பண்றதுதான் என் வேலை. நீ மூச்சு விட மறந்துட்டாக்கூட என் மெஷின் மறக்காது."

"நான் பேச ஆரம்பிச்சா நடுவுல மூச்சே விடறதில்லன்னு எங்கம்மா சொல்லுவாங்க. அப்போ பொருத்தம் சரியாத்தான் பாத்திருக்காங்க." கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு அவள் கேட்டாள்: "உங்களுக்கே ஒண்ணுன்னா?"

"எனக்கா? என் கையால சரி பண்ணின மெஷின் என்னைக் கைவிட்டுடுமா?"

கல்யாணமான ஒன்பதாம் நாள், வராத பேருந்துக்காக நின்ற இடத்தில் நடந்த பேச்சு இது. அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. வெண்டிலேட்டர் மெக்கானிக்காகப் புதிதாக வேலையில் சேர்ந்த திமிர். புது மனைவிக்கு முன்னால் சும்மா கொஞ்சம் மார்தட்டிக்கொண்டார். ஆனால் அவள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டாள். இருபத்தேழு வருஷமாகியும் விடவில்லை.

இப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு. மூக்குக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று. படுக்கையறை மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் பெட்டி வரைக்கும் அது போகிறது. குழாயின் நீளம் ஏழு மீட்டர். அவருடைய உலகத்தின் நீளமும் அதுதான். கட்டில், குளியலறை, கூடத்து ஜன்னலோரம் மனைவியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. சமையலறை வாசல் வரை போகலாம், உள்ளே கால் வைக்க முடியாது. "நல்லதாப் போச்சு. மூடியைத் திறந்து பாத்துட்டு அப்படியே போட்டுட்டுப் போற ஆள் குறைஞ்சார்" என்பாள் மனைவி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவள் தையல்காரி. பள்ளிச் சீருடை தைப்பாள், சட்டைக் காலர் திருப்பித் தைப்பாள், பாவாடைக்கும் கால்சட்டைக்கும் எலாஸ்டிக் வைப்பாள். அவர் அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு வந்திருப்பது நுரையீரலில் தழும்பு ஏறி இறுகிக்கொண்டே போகும் நோய். எதனால் வந்தது என்று கேட்டால் டாக்டரம்மாவிடமே பதில் இல்லை. முதல் முறை அவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டபோது, "செருப்புல ஒட்டுப்பட்டையைப் பிரிச்சா ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி கேக்குது" என்றார். மனைவியும் பக்கத்தில்தான் இருந்தாள்.

"தழும்புன்னா காயம் ஆறிப்போச்சுன்னுதானே அர்த்தம் டாக்டர்?" என்று அவர் கேட்டார். "ஆறினப்புறம் நின்னுடணுமே. இது ஏன் நிக்க மாட்டேங்குது?"

மெஷினோடு பழகியவன் கேட்கிற கேள்வி. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அங்க தழும்பு போடற செல்லுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. தான் ஒட்டிக்கிட்டு இருக்கிற இடத்தை இழுத்துப் பாக்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். மெத்துனு இருந்தா, சரி, வேலை முடிஞ்சுதுன்னு சும்மா இருக்கும். விறைப்பா இருந்தா, இன்னும் காயம் ஆறலன்னு நினைச்சு நாரைப் பின்னிப் போடும். பின்னினதால அந்த இடம் இன்னும் விறைக்கும்."

"அந்த விறைப்பைப் பாத்துப் பக்கத்து செல்லும் பின்ன ஆரம்பிக்கும்."

"அதேதான். முதல்ல எதனால வந்துச்சோ அது போயிடும். அப்புறம் விறைப்பே விறைப்பை வளத்துக்கிட்டுப் போகும். மருந்து அந்த வேகத்தைக் குறைக்கும். நிறுத்தாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்: "வேகம் குறையும்னு சொல்லிட்டாங்க இல்ல?" நிறுத்தாது என்ற வார்த்தை அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு சாதாரண ஜலதோஷம் வந்தது. அது அவரை எட்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. வீட்டுக்குக் கிளம்புகிற அன்று டாக்டரம்மா மனைவியை மருந்து வாங்க அனுப்பிவிட்டு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை இதைவிட மோசமா வந்தா, தொண்டையில குழாய் போட்டு வெண்டிலேட்டர்ல வைக்கலாமா வேண்டாமான்னு கேள்வி வரும். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல."

"வேண்டாம் டாக்டர்." யோசிக்காமல் வந்த பதில். யோசனையெல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தது. "ஆனா திணறிக்கிட்டே போகணுமா?"

"அப்படிப் போக விடமாட்டேன். திணறலை அடக்க மருந்து இருக்கு. கண்ணு சொருகி ஒரு அரைத்தூக்கம் மாதிரி இருக்கும். அது என் பொறுப்பு. ஆனா உங்க முடிவை வீட்டம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். உங்களால பேச முடியாத நேரத்துல நாங்க அவங்க முகத்தைத்தான் பாப்போம்."

நான்கு மாதம் ஓடிவிட்டது. அவர் சொல்லவில்லை. ஒரு முறை தொண்டை வரை வந்துவிட்டது. "ஊசியில நூல் கோக்கறப்போ பேசாதீங்க, தவறிப்போகுது" என்றாள், அத்தோடு போயிற்று. இன்னொரு முறை காகிதத்தில் எழுதிப் பார்த்தார். படித்தால் ராஜினாமாக் கடிதம் மாதிரி இருந்தது. நான்காகக் கிழித்துப் போட்டார். இந்தத் திங்கட்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். "சொல்லிட்டீங்களா?" என்று அவர் இந்த முறையும் கேட்பார்.

சொல்ல வேண்டியதில் இரண்டு பாதி உண்டு. மெஷின் வேண்டாம் என்பது ஒரு பாதி. அதையாவது டாக்டரிடம் சொல்லியாயிற்று. மற்ற பாதியை அவர் எந்த உயிரிடமும் சொன்னதில்லை. அதை நினைத்தாலே நெஞ்சுக்கூட்டில் இருக்கிற கொஞ்சநஞ்சக் காற்றும் வெளியே போய்விடும் போல இருக்கும்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். கூடவே ஸ்பேனர். இருபது வருஷம் அவரோடு வேலை பார்த்தவர். கையில் எது இருந்தாலும் ஸ்பேனரைத்தான் தேடுவார் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். இரண்டு பேரும் சேர்ந்து போர்வையில் சுற்றிய எதையோ மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"மெதுவா, மெதுவா! கதவுல இடிச்சா அக்கா என்னையே கிழிச்சுத் தைச்சிடுவா" என்றான் மைத்துனன்.

"உன்னைத் தைக்க எங்க அவ்வளவு துணி இருக்கு? வயித்துக்கே ரெண்டு மீட்டர் ஆகும்" என்றாள் அக்கா. அன்று அவள் முகத்தில் பல மாதம் காணாத வெளிச்சம். போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். "இப்போ பாருங்க."

போர்வை விலகியது. உள்ளே வெண்டிலேட்டர். பழைய மாடல், காற்றுக்குத் தனிக் குழாய் வேண்டாத, உள்ளேயே விசிறி வைத்த ரகம். இடது பக்கத்து ஓட்டை ஒன்றில் ஆணிக்குப் பதில் திருகாணி. அதைப் போட்டது அவர் கைதான்.

"ஆஸ்பத்திரியில கழிச்சுப் போட்டதுண்ணே" என்றார் ஸ்பேனர். "அண்ணி மூணு மாசமா ஃபோன் மேல ஃபோன். வேற ரெண்டு மெஷின்லேர்ந்து பார்ட்ஸ் எடுத்துப் போட்டு உயிர் குடுத்திருக்கேன். குதிரை மாதிரி ஓடுது."

"இனி ஆஸ்பத்திரியில படுக்கை இருக்கா, மெஷின் இருக்கான்னு யார்கிட்டயும் நாம போய் நிக்க வேண்டாம்" என்றாள் அவள். "டாக்டர் வந்து குழாய் மட்டும் போடட்டும். மிச்சத்துக்கு இவர் இருக்காரு. நீங்களே படுத்துக்கிட்டே சொல்லுவீங்க, இதைத் திருப்பு, அதைத் திருப்புன்னு. எப்படி என் ஏற்பாடு?"

வாயில் குழாய் போனபின் ஒருவன் எப்படிப் பேசுவான் என்று அவருக்குத் தோன்றியது. மூன்று மாதம். தையலுக்கு நடுவே, அவர் தூங்கும் நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் யாரோடோ ஃபோனில் பேசியதெல்லாம் இதற்காகத்தான். 'வேண்டாம்' என்ற வார்த்தைக்கு அந்தக் கூடத்தில் இப்போது ஓர் ஊசிமுனை இடம்கூட இல்லை.

"அண்ணே, ஒரு தடவை செக் பண்ணிக் குடுத்துடுங்க. உங்க கை பட்டாத்தான் எனக்குத் திருப்தி."

அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். மெஷினின் மேல் கை பட்டதும் விரல்கள் தாமாகவே வேலையைத் தொடங்கிவிட்டன. கசிவு பார்த்தார். பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஸ்பேனர் தன் பையிலிருந்து சோதனைப் பையை எடுத்துக் குழாய் முனையில் மாட்டினார். ஒரு கையில் அடங்குகிற கறுப்பு ரப்பர்ப் பை அது. ஆள் இல்லாத நேரத்தில் நுரையீரல் வேஷம் போடுவது அதன் வேலை. மெஷின் ஊத, பை உப்பியது, தணிந்தது. மறுபடி உப்பியது. ஒரு மூச்சுக்கு நானூறு மில்லி. அழுத்தம் பதினாறு. கச்சிதம்.

"பாத்தியா, எவ்வளவு சமத்தா விடுது!" என்றாள் அவள், தம்பியின் தோளில் தட்டி.

"கெட்டி நுரையீரலுக்குப் பாத்தியா?" என்று அவர் ஸ்பேனரைக் கேட்டார். இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம். பையைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டிவிட்டு, விறைத்த நுரையீரலில் மெஷின் என்ன செய்கிறது என்று பார்க்காமல் அவர் எந்தச் சான்றிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

"வளையத்தை ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டேன் போலண்ணே."

"ரப்பர் வளையமா? நம்ம வீட்ல எலாஸ்டிக்குக்கா பஞ்சம்?" அவள் உருளையிலிருந்து அரை அங்குல எலாஸ்டிக்கை இழுத்தாள். "எவ்வளவு வேணும்? சுத்தளவு சொல்லுங்க."

அவர் சொன்னார். வெட்டினாள், முனைகளை ஒட்டி ஒரு தையல் ஓட்டினாள், வளையம் ரெடி. அதே வேகத்தில் இன்னும் மூன்று.

அவர் ஒன்றை மாட்டினார். பையின் அடிப்பாதி கொஞ்சம் ஒடுங்கியது. அழுத்தம் இருபத்தைந்து.

"பாஸாயிடுச்சுண்ணே. ஒண்ணு போதும்" என்றார் ஸ்பேனர்.

அவர் இரண்டாவதை மாட்டினார். பிறகு மூன்றாவதை.

"அண்ணே, எதுக்கு இத்தனை?"

"என்னுது ஒண்ணோட நிக்கலப்பா."

ஸ்பேனரின் முகம் மாறியது. அவர் எட்டி மெஷினை நிறுத்தப் போனார். இவர் அந்தக் கையை விலக்கிவிட்டு நான்காவதையும் மாட்டினார். எல்லா வளையமும் அடிப்பாதியில். மெஷினுக்கு அதைப் பற்றி என்ன கவலை? நானூறு மில்லி தள்ளச் சொன்னார்கள், தள்ளியது. அழுத்தம் நாற்பது. நாற்பத்தாறு. அடிப்பாதி கல்லுக் குண்டு மாதிரி அசையாமல் கிடக்க, கட்டாத மேல்பாதி மட்டும் ரப்பர் வெளுத்துப் பளபளக்கப் பந்தாகப் புடைத்தது. அலாரம் அலறத் தொடங்கியது.

"என்னங்க கத்துது? பழுதா?" அவள் ஸ்பேனரைத் திரும்பிப் பார்த்தாள். "குதிரைன்னீங்களே!"

"மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல, மாஸ்டர்" என்றார் அவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. "நல்லாத்தான் தள்ளுது. ஆனா காத்துக்கு எது சீக்கான இடம், எது நல்ல இடம்னு தெரியாது. எது விட்டுக்குடுக்குதோ அங்கதான் போகும். எனக்கு மேல இன்னும் கொஞ்சம் இளக்கமா மிச்சம் இருக்கு. அதைத்தான் போய் உப்ப வைக்கும். கிழியற வரைக்கும்."

அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. அவள் குனிந்து அந்தப் புடைப்பை விரலால் தொட்டாள். எலாஸ்டிக்கின் விளிம்பில், ரப்பர் சட்டென்று மெலிந்து நீளும் அந்தக் கோட்டை, துணியின் நெசவைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தாள்.

"காலர்ல விறைப்புக்குக் கேன்வாஸ் வெச்சுத் தைப்போம்" என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. "கேன்வாஸ் இருக்கிற இடத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதோட ஓரத்துல, மெல்லிசுத் துணி தொடங்கற இடத்துலதான் முதல்ல நைஞ்சு போகும். எத்தனை காலர் திருப்பியிருக்கேன்."

அவளே மெஷினின் பொத்தானை அழுத்தினாள். எது நிறுத்தும் பொத்தான் என்று யாரும் சொல்லித் தரவில்லை. கூடம் அமைதியானது. உள்ளறையில் ஆக்சிஜன் பெட்டியின் உறுமல் மட்டும்.

"நாங்க... ஒரு டீ குடிச்சிட்டு வரோம்க்கா" என்றான் மைத்துனன். டீ என்றால் அக்கா கையால் வீட்டிலேயே வேண்டும் என்று அடம் பிடிக்கிறவன் அவன். ஸ்பேனரின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

அவள் தன் முக்காலியில் உட்கார்ந்தாள். பாதி தைத்த சீருடை ஒன்று ஊசிக்குக் கீழே கிடந்தது. அதை எடுக்கவில்லை.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மொத நாள் டாக்டர் சொன்னதுலேர்ந்து."

"அப்போ நான் மூணு மாசமா அந்த மனுஷனை ஃபோன்ல போட்டுப் பாடாப்படுத்தினது?"

"அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டேன்."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

இருபத்தேழு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முக்காலியை இழுத்து அவர் முழங்காலில் இடிக்கிற மாதிரி போட்டுக்கொண்டாள். ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை எடுத்து அவர் விரலில் மாட்டி, எண்பத்தெட்டு என்று பார்த்து, ஆக்சிஜன் குழாயில் முறுக்கு எதுவும் இருக்கிறதா என்று கையால் தடவிச் சரி பார்த்தாள். எல்லாம் முடிந்த பிறகு, விலை பேசி முடித்தவளைப் போல நிமிர்ந்தாள்.

"சரி. நாளைக்கு டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். குழாயும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். போதுமா?"

"போதாது" என்றார் அவர். "அது பாதிதான்."

"இன்னும் என்ன பாதி?"

அவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். அவள் அவசரப்படுத்தவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

"பத்து வருஷம் முன்னாடி ஒரு ஆஸ்பத்திரி. அலாரம் நிக்கலன்னு கூப்பிட்டாங்க. புது மெஷினைத் தள்ளிக்கிட்டுப் போனேன். வழியில ஒரு கட்டில்ல ஒரு ஹெட்மாஸ்டர், ஓய்வானவர். என் சீக்குதான் அவருக்கும். மெஷின் வேண்டாம்னு தன் கையாலயே எழுதிக் குடுத்தவர்னு நர்ஸ் சொன்னாங்க. பக்கத்துக் கட்டிலுக்குத்தான் நான் போனது. மெஷினைப் பாத்ததும் எட்டி என் சட்டையைப் பிடிச்சுட்டார். போடு, போடுன்னார். கண்ணு ரெண்டும்..." அவர் நிறுத்தினார். "மகன் நின்னுக்கிட்டு இருந்தான். எந்த மகன்தான் பாத்துக்கிட்டு நிப்பான்? சரின்னுட்டான். பதினெட்டு நாள் கிடந்தார். தினமும் அலாரம், தினமும் என்னைக் கூப்பிடுவாங்க. மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல."

அவள் கை அவருடைய முழங்காலில் இருந்தது. அது அசையவில்லை.

"ஹெட்மாஸ்டர் கோழை இல்ல, மாஸ்டர். மூச்சு முட்டினா உடம்பு யார் பேச்சையும் கேக்காது. எழுதிக் குடுத்ததை எல்லாம் மறந்துடும். எனக்கும் அப்படித்தான் ஆகும். டாக்டர் மருந்து குடுப்பாங்க. அது வேலை செய்ய நேரமெடுக்கும். அந்த நேரத்துல நான் கேப்பேன். உன்னைத்தான் கேப்பேன். கெஞ்சுவேன். திட்டினாலும் திட்டுவேன்."

"சொல்லாதீங்க."

"சொல்லி முடிச்சுடறேன். இன்னிக்கு விட்டா இனி வராது." அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். ஊசி குத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள். "டாக்டர் உன் முகத்தைத்தான் பாப்பாங்க. அப்போ நான் என்ன கதறினாலும் சரி, மெஷினைப் போடச் சொல்லி உன் கால்லயே விழுந்தாலும் சரி... நீ என் கையை விட்டுடாம, வேண்டாம்னு சொல்லணும்."